தொள்ளாயிரம் என்று நான் சொன்ன நாள்

சிதம்பரம், கீழ வீதி,
ஆகஸ்ட் 9, சனிக்கிழமை, காலை 10.20.

மகனே,

உன் அம்மாவின் நெற்றியில் உள்ள மூன்று தையல்கள் கட்டில் கம்பி இடித்ததால் வந்தவை அல்ல. சென்ற ஞாயிற்றுக்கிழமை, ஆகஸ்ட் 3 அன்று மாலை ஆறரை மணிக்கு நீ வீடியோவில் அழைத்துக் கேட்டபோது அப்படித்தான் சொன்னேன். அது பொய். பத்திரப் பதிவு அலுவலகத்தில் முப்பத்து நான்கு ஆண்டுகள், பிறர் எழுதிக் கொண்டுவந்த தேதிகளில் பிழை கண்டுபிடித்துச் சம்பளம் வாங்கியவன் நான். அந்த நான் சொன்ன ஒரு கணக்கை நம்பி நீ உன் அம்மாவை என்னிடம் விட்டுப் போனாய். அந்தக் கணக்கு பிழை. அந்தப் பிழையால் அவள் தரையில் கிடந்தாள். இதைப் படித்து முடித்ததும் நீ அவளை பெங்களூருக்கு அழைத்துப் போய்விடுவாய் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் எழுதுகிறேன். ஒன்பது நாட்களாக எடுத்து எடுத்து வைத்த பேனாவை இன்று கீழே வைப்பதாக இல்லை. உறையை ஒட்டாமல்தான் அனுப்புவேன். அஞ்சலையும் செல்வியும் இதைப் படித்த பிறகே இது தபாலுக்குப் போகும். அவர்கள் மேல் ஒரு துளிப் பழியும் விழக் கூடாது.

நீ அறிந்தவற்றையும் சேர்த்தே எழுதப் போகிறேன். சலித்துக்கொள்ளாதே. நான்கு எல்லைகளையும் சொல்லாத பத்திரத்தை நான் ஒருநாளும் ஏற்றுக்கொண்டதில்லை.

உன் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்து, பேச்சும் பாதியாகிப் போன நாளிலிருந்து இந்த வீட்டை மூன்று பேர் தாங்கி நிற்கிறோம். சமையலுக்கு அஞ்சலை, காலை ஏழு மணிக்கு வருவாள். நர்சு வேலைக்குச் செல்வி, கடலூர்க் கடற்கரைக் குப்பத்திலிருந்து எட்டு மணிக்கு வந்து சேருவாள். மூன்றாவது ஆள் நான். எங்கள் மூவருக்கும் ஞாயிற்றுக்கிழமை என்பது கணக்கில்லை. எங்களுக்கு உள்ளது முறை. அஞ்சலைக்கு, இரண்டு தெரு தள்ளி ஒரு மடத்தில் அன்னதானச் சமையல். அங்கே ஆறு பெண்கள் முறை வைத்துச் சமைக்கிறார்கள், ஆறாவது நாள் அவள் முறை. செல்வியின் குப்பத்தில் பத்து வீட்டுப் பெண்கள் சேர்ந்து ஒரு மீன் வண்டி வைத்திருக்கிறார்கள். பத்தாவது நாள் வண்டி அவள் கையில். எனக்குக் கடலூரில் ஓய்வூதியர் சங்கம். குடும்ப ஓய்வூதியத்துக்கு வரும் விதவைப் பெண்களுக்கு மனு எழுதிக் கொடுக்க, பதினைந்து கிழவர்கள் ஆளுக்கொரு நாள் மேசையில் உட்காருகிறோம். முறையை ஒருவர் தவறவிட்டால் அதை அடுத்தவர் தூக்க வேண்டும். அதனால் காய்ச்சலில்கூட யாரும் தவறவிடுவதில்லை. ஆறு, பத்து, பதினைந்து. இந்த மூன்று எண்களையும் நினைவில் வைத்துக்கொள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

ஜூலை 1, செவ்வாய்க்கிழமை, ஆனித் தேர். நீ விடுப்பில் வந்திருந்தாய். அன்று மூவருக்கும் ஒன்றாக முறை விழுந்தது. வீட்டில்தான் நீ இருக்கிறாயே என்று நாங்கள் மூவரும் போய்விட்டோம். வாசலில் தேர் போகும் ஓசை கேட்க, நீ ஒருவனாகவே உன் அம்மாவைத் தூக்கி உட்காரவைத்து, குளிப்பாட்டி, ஊட்டினாய். மாலை நான் திரும்பியபோது நடையிலேயே நின்றுகொண்டு கேட்டாய்.

"நான் இல்லன்னா இன்னிக்கு அம்மாவ யாருப்பா பாத்திருப்பாங்க?"

"நீ இருப்பதால்தான் போனோம்."

"அடுத்த தடவ? மூணு பேரும் ஒரே நாள்ல போனா? நான் அம்மாவ கூட்டிட்டுப் போறேன். இல்லன்னா, மூணு பேர்ல ஒருத்தராவது எப்பவும் ஊட்ல இருப்பாங்கன்னு எனக்குக் காட்டுங்க. வாயால சொல்லாதீங்க. கணக்கா காட்டுங்க."

நியாயமான நிபந்தனை. நானே எழுதியிருந்தாலும் இப்படித்தான் எழுதியிருப்பேன். ஜூலை 3 அன்று, உன் பழைய மடிக்கணினியையும் அதில் நீ ஏற்றிவைத்த பைதான் என்ற நிரல்மொழியையும் என்னிடம் விட்டுப் போனாய். அடுத்த மூன்று நாட்களும் நான் வேறு வேலை பார்க்கவில்லை. நான் எழுதிய நிரல் எளியது. தேர் நாளைப் பூச்சியம் என்று வைத்து நாட்களை எண்ண வேண்டும். மூன்று முறைகளும் மறுபடி ஒன்றாக விழும் நாள் அந்த மூன்று எண்களின் மீச்சிறு பொது மடங்கு, பள்ளிக்கூடத்து மீ.சி.ம. அந்த நாளுக்கு முதல் நாள் மாலை என் கைப்பேசிக்கு எச்சரிக்கை வர வேண்டும். அவ்வளவுதான். மீ.சி.ம.வுக்கு எனக்கு ஒரு வழி மனப்பாடமாகத் தெரியும். எண்களைப் பெருக்கு, அவற்றின் மீப்பெரு பொதுக் காரணியால் வகு. நான்கையும் ஆறையும் கொடுத்துச் சோதித்தேன், பன்னிரண்டு வந்தது. எட்டையும் பன்னிரண்டையும் கொடுத்தேன், இருபத்து நான்கு வந்தது. இரண்டும் சரி. பிறகு நம் மூன்று எண்களையும் கொடுத்தேன். ஆறு, பத்து, பதினைந்தைப் பெருக்கினால் தொள்ளாயிரம். மூன்றையும் ஒருசேர வகுக்கும் எண் ஒன்றைத் தவிர வேறில்லை. திரையில் வந்த விடை தொள்ளாயிரம்.

தொள்ளாயிரம் நாள்! ஏறத்தாழ இரண்டரை ஆண்டு! ஜூலை 6, ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் மூன்று மணிக்கு உனக்குச் செய்தி அனுப்பினேன். "மூவரும் ஒரே நாளில் இல்லாமற்போவது இன்னும் தொள்ளாயிரம் நாள் கழித்தே. உன் அம்மா இங்கேயே இருப்பாள்." ஒரு நிமிடத்தில் நீ அழைத்தாய்.

"எப்படிப்பா கணக்குப் போட்டீங்க? ரெண்டு ரெண்டா எடுத்துட்டுப் போனீங்களா?"

"என் கணக்கைச் சரிபார்க்கும் அளவுக்கு உனக்கு வயதாகவில்லை."

"இல்லப்பா, எந்தெந்த நம்பருன்னு மட்டும் சொல்லுங்க."

"விடை சொல்லியாயிற்று. எண் எதற்கு?"

நீ "சரிப்பா" என்றாய்.

அந்த "சரிப்பா"வை நான் இதற்கு முன்பும் ஒருமுறை கேட்டிருக்கிறேன். இருபத்தாறு ஆண்டுகளுக்கு முன், செப்டம்பர் 8, புதன்கிழமை. நீ ஆறாம் வகுப்பு. நான்கு, ஆறு, பத்து ஆகியவற்றின் மீ.சி.ம. காண்க என்று வீட்டுப் பாடம். நீ அறுபது என்று எழுதியிருந்தாய். நான் இருநூற்று நாற்பதை இரண்டால் வகுத்து நூற்றிருபது என்றேன். புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, "விடையும் அறுபதுன்னுதான் போட்டிருக்காங்கப்பா" என்று காட்டினாய். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அச்சுப் பிழை." உன் நோட்டில் சிவப்பு மையால் உன் விடையை அடித்து நூற்றிருபது என்று எழுதினேன். அதோடும் விடவில்லை. மறுநாள் ஆசிரியர் என் விடையைத் தவறு என்று சுழித்து அனுப்பியதும், பள்ளிக்கே போய் அவரோடு அரை மணி நேரம் வாதாடினேன். "சார், அறுவது நாலாலயும் வகுபடுது, ஆறாலயும் வகுபடுது, பத்தாலயும் வகுபடுது. வேற என்னா வேணும்?" என்று அவர் கேட்டார். "சூத்திரம் வேண்டும்" என்றேன். நீ வராந்தாவில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாய். வீட்டுக்கு வரும் வழியில், "இனிமேல் சூத்திரப்படி போடு" என்றபோது "சரிப்பா" என்றாய். உன் அம்மா மட்டும் இரவு சாப்பாட்டில் சொன்னாள். "அறுவது நாள்ல வர்றவங்களுக்கு நூத்தியிருவது நாள் கழிச்சி எல போட்டா, வந்தவங்க பட்டினியா போவாங்க." நான் சிரித்தேன், கணக்கு அறியாதவள் என்று.

இப்போது ஜூலைக்கு வருகிறேன். 7ஆம் தேதி அஞ்சலை வரவில்லை, 11ஆம் தேதி செல்வி வரவில்லை, 13ஆம் தேதி மறுபடி அஞ்சலை. 16ஆம் தேதி புதன்கிழமை நான் கடலூர் போனேன், அஞ்சலை ஏழு மணிக்கு வந்து கதவைத் திறந்தாள். 19, 21, 25. இருபத்தொன்பது நாட்களில் எங்களில் இரண்டு பேர்கூட ஒரே நாளில் இல்லாமற்போகவில்லை. ஒரு நாளுக்கு ஒரு ஆள்தான் குறைந்தது. அந்த ஒழுங்கைப் பார்த்துப் பார்த்து என் நெஞ்சு நிமிர்ந்தது. யார் என்றைக்கு வரமாட்டார்கள் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளும் பழக்கத்தையே விட்டேன். கைப்பேசி சொல்லும் என்று இருந்தேன். நாட்காட்டித் தாளை ஐம்பது ஆண்டுகளாகக் காலை ஐந்து மணிக்குக் கிழிப்பவன், தாளை மட்டும் கிழித்தேன், அதில் உள்ள எண்ணைப் பார்க்கவில்லை.

ஜூலை 30 மாலை செல்வி கிளம்பும்போது, "நாளைக்கி எனக்கு மொற சார்" என்றாள். "தெரியும்மா" என்றேன். தனக்கும் மறுநாள் முறை என்பதை அஞ்சலை, நான் கணினியின் முன் உட்கார்ந்திருந்ததால், உன் அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். ஜூலை 31, வியாழக்கிழமை, காலை 6.10. உன் அம்மாவுக்குக் காப்பி கொடுத்தாயிற்று, முதுகுக்குத் தலையணை வைத்தாயிற்று, அவள் கைப்பேசியை ஜன்னல் திட்டில் வைத்தாயிற்று. நான் நிலைப்படியைத் தாண்டும்போது அவள் இடது கையைத் தூக்கினாள். நான் சுவர்க் கடிகாரத்தைக் காட்டினேன். 6.25க்குப் பேருந்து. அவள் மறுபடியும் தூக்கினாள். வழியனுப்புகிறாள் என்று நினைத்து நானும் கையை அசைத்துவிட்டு, கதவைப் பூட்டி, சாவியை வழக்கம்போல் மீட்டர் பெட்டியின் மேல் வைத்துவிட்டுப் போனேன். மகனே, இந்த ஒன்பது நாட்களில் அந்தக் கை தூக்கலை எத்தனை முறை பார்த்துவிட்டேன் என்று எனக்கே தெரியாது. இது ஒன்றுக்கு மட்டும் என்னிடம் கணக்கில்லை.

கடலூரில் மேசையில் அன்று மூன்றாவதாக வந்தவர் குறிஞ்சிப்பாடியிலிருந்து ஒரு பெண்மணி. நாற்பது வயதுக்கு மேல் இராது. பெயர், ஊர், கணவர் பெயர் எல்லாம் எழுதிவிட்டு, "தவறிய தேதி?" என்றேன்.

"சர்ட்டிபிகேட்டு பையில இருக்கு சார், எடுக்கறேன். சிதம்பரத்துல தேர் ஓடுச்சே, அன்னிக்கிதான் போனாரு. இன்னியோட முப்பது நாளு சார்."

"ஜூலை ஒன்று" என்று எழுதினேன். பிறகு அவர் சொன்னதைச் சரிபார்ப்பதற்காக, பழக்க தோஷத்தால், முப்பத்தொன்றிலிருந்து ஒன்றைக் கழித்தேன். முப்பது. சரியாகத்தான் சொல்கிறார். முப்பது. அது ஆறால் வகுபடும் என்று மனத்தில் ஓடியது. ஏன் ஓடியது என்று தெரியவில்லை. பத்தாலும் வகுபடும். செல்வி இன்று வரவில்லை. பதினைந்தாலும் வகுபடும். அதனால்தான் நான் இந்த மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். ஆறால் வகுபடும் என்றால் அஞ்சலை?

பேனா தாளில் குத்தி நின்றது. மை ஊறிப் பரவியதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"என்னா சார், எதனா தப்பா சொல்லிட்டனா?" என்று அந்த அம்மாள் பயந்து கேட்டார்.

நேரம் 10.50. உன் அம்மாவின் கைப்பேசியை அழைத்தேன். அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்து ஓய்ந்தது. அஞ்சலையை அழைத்தேன்.

"அஞ்சல, அம்மா என்ன பண்றாங்க?"

"எந்தம்மா சார்?"

"நம்ம வீட்டு அம்மா!"

"இன்னிக்கி எனக்கு மொற சார். மடத்துல சாம்பாரு கொதிக்குது. ஏன் சார், நீங்க ஊட்ல இல்லியா?"

"கடலூர்ல இருக்கேன்."

"நர்சு?"

"அவளுக்கும் முறை."

கரண்டி எதன்மேலோ விழும் ஓசை கேட்டது. "ஐயோ சாமி, ஊட்ல ஆரும் இல்லியா? நீங்க இருப்பீங்கன்னு இல்ல நான் நெனச்சேன்! சாவி எங்க சார்?" என்றாள். சொன்னேன். அவள் ஓடுவது கைப்பேசியிலேயே கேட்டது.

11.05க்குப் பேருந்து ஏறினேன். அந்த அம்மாளின் மனுவை அரைகுறையாக விட்டுவிட்டு வந்தேன். அதற்காகப் பிறகு அவரிடம் தொலைபேசியில் மன்னிப்புக் கேட்டேன். ஆலப்பாக்கம் வரும்போது பயணச்சீட்டின் பின்பக்கத்தில் எழுதிப் பார்த்தேன். ஆறில் இரண்டும் மூன்றும். பத்தில் இரண்டும் ஐந்தும். பதினைந்தில் மூன்றும் ஐந்தும். மொத்தத்தில் இரண்டு, மூன்று, ஐந்து, அவ்வளவுதான் இருக்கிறது. பெருக்கினால் முப்பது. ஒரு சீட்டின் முதுகில் அடங்கிவிட்ட கணக்கு. மூன்று எண்களுக்கும் பொதுவான காரணி ஒன்றும் இல்லை என்று நிரல் சொன்னது உண்மைதான். ஆனால் எந்த இரண்டை எடுத்தாலும் அவற்றுக்குள் ஒரு பொதுக் காரணி ஒளிந்திருக்கிறது. அதை என் சூத்திரம் பார்க்கவே இல்லை. இரண்டு எண்களுக்கு மட்டும் சொல்லப்பட்ட ஒன்றை மூன்றுக்கு நான் இழுத்திருக்கிறேன். பேருந்தில் எழுந்து நின்றுவிட்டேன் போலும். "பெரியவரே, ஒக்காருங்க, சிதம்பரம் இன்னும் வர்ல" என்றார் நடத்துநர். அப்போது அஞ்சலை அழைத்தாள்.

"பேச்சு இருக்கு சார். கட்டில்ல இருந்து உழுந்து கெடந்தாங்க. நெத்தியில ரத்தம். தண்ணி குடுத்தேன், குடிச்சாங்க. டாக்டரக் கூப்புட ஆள உட்டிருக்கேன். நீங்க மெதுவா வாங்க. நீங்க வேற உழுந்து வெக்காதீங்க."

நான் வீட்டுக்குள் நுழைந்தபோது மணி 12.25. அடுத்த தெரு மருத்துவர் மூன்றாவது தையலைப் போட்டுக்கொண்டிருந்தார். எலும்பு முறிவு இல்லை, இடது மணிக்கட்டில் சுளுக்கு. எட்டு மணிவரை யாரும் வராததால், அஞ்சலைக்கும் முறை என்பது எனக்குத் தெரியாது என்று உன் அம்மா புரிந்துகொண்டாள். திட்டிலிருந்த கைப்பேசியை எட்டி எடுக்கப் போய் விழுந்திருக்கிறாள். கோயில் மணியைக் கேட்டுக்கொண்டு தரையில் மூன்று மணி நேரம் கிடந்திருக்கிறாள். மருத்துவர் போன பிறகு நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள்தான் பேசினாள், அந்தப் பாதி வாயால், நிறுத்தி நிறுத்தி.

"கம்ப்யூட்டரு... எத்தினி நாளுன்னு... சொல்லுச்சு?"

"தொள்ளாயிரம்."

அவள் சிரித்தாள். தையல் இழுத்து வலித்திருக்கும், இருந்தும் சிரித்தாள்.

"புள்ள... அப்பவே... அறுவதுன்னான்."

மகனே, நான் அதுவரை அந்தப் பழைய கதையை நினைக்கவே இல்லை. சத்தியமாக நினைக்கவில்லை. இருபத்தாறு ஆண்டுகளாக அவள் நினைவில் வைத்திருந்திருக்கிறாள். நான் எழுந்து போய், உன் பள்ளிக்கூடத்து நோட்டுகளை ஆண்டுவாரியாகக் கட்டி வைத்திருக்கும் பீரோவைத் திறந்தேன். ஆறாம் வகுப்பு, கணக்கு. அந்தப் பக்கம் இருந்தது. என் சிவப்புக் கோட்டின் கீழே உன் பென்சில் எழுத்து. நான்கு, ஆறு: பன்னிரண்டு. பன்னிரண்டு, பத்து: அறுபது. தொலைபேசியில் நீ "ரெண்டு ரெண்டா எடுத்துட்டுப் போனீங்களா" என்று கேட்டாயே, அது இதுதான். பதினொரு வயதில் எழுதி வைத்த வழியைத்தான் நீ எனக்கு நினைவூட்டியிருக்கிறாய், குரலை உயர்த்தாமல், என் மானம் போகாமல்.

ஆகஸ்ட் 1, வெள்ளிக்கிழமை காலை, அந்த நோட்டைக் கணினியின் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு நிரலைத் திருத்தினேன். விடையை ஒன்று என்று வைத்துத் தொடங்கு. பட்டியலில் உள்ள எண்களை ஒவ்வொன்றாக எடு. கையில் உள்ள விடையையும் வந்த எண்ணையும் பெருக்கி, அந்த இரண்டின் பொதுக் காரணியால் வகு. வருவதுதான் புதிய விடை. அதோடு அடுத்த எண்ணுக்குப் போ. ஒன்றும் ஆறும்: ஆறு. ஆறும் பத்தும்: அறுபதை இரண்டால் வகுத்து முப்பது. முப்பதும் பதினைந்தும்: நானூற்றைம்பதைப் பதினைந்தால் வகுத்து, மறுபடி முப்பது. நான்கே வரிகள். உண்மையைச் சொன்னால் அதுகூடத் தேவையில்லை. ஒவ்வொரு மாலையும் மறுநாளின் எண்ணை மூன்றாலும் தனித்தனியே வகுத்துப் பார்த்திருந்தாலே போதும். உன்னிடம் பெருமையாக நீட்டிக் காட்ட எனக்கு ஒரே ஒரு பெரிய எண் வேண்டியிருந்தது. அதற்காகத்தான் இத்தனையும்.

அப்படியும் உன்னிடம் பொய் சொன்னேன். "சார், அண்ணங்கிட்ட சொல்லிடுங்க, எனக்கு மனசு கேக்கல" என்றாள் செல்வி. அஞ்சலையோ, "சொன்னா அம்மாவ கூட்டிட்டுப் போயிடுவாரு, அப்புறம் இந்தப் பெரியவரு ஊட்ல தனியா இன்னா பண்ணுவாரு?" என்றாள். என் அச்சத்தை அவள் என் எதிரிலேயே சொல்லிவிட்டாள். உன் அம்மா இல்லாத வீட்டில் காலை ஐந்து மணிக்கு எழுந்து யாருக்குக் காப்பி போடுவது என்பதுதான் நான் மறைத்ததற்கு முழுக் காரணம். வீடியோவில் நான் கட்டில் கம்பி என்றபோது உன் அம்மா என்னையே பார்த்தாள், மறுக்கவில்லை. காப்பாற்றிவிட்டாள் என்று நினைத்தேன். அன்று இரவு முழுவதும் அவள் என்னோடு பேசவில்லை.

உனக்கு அறிவுரை சொல்ல எனக்கு இப்போது தகுதி குறைவு. இருந்தாலும் தகப்பன், சொல்லாமல் இருக்க வராது. எதை எதற்குப் பயன்படுத்தப் போகிறாயோ அதை அதே எண்களோடு சோதித்துப் பார். நான்கையும் ஆறையும் வைத்துச் சோதித்துவிட்டு மூன்று பேர் கையில் ஓர் உயிரைக் கொடுத்தவன் சொல்கிறேன். இன்னொன்று, இது உன் மேல் எனக்குள்ள குறை. நீ சரி என்று உனக்குத் தெரியும்போது "சரிப்பா" என்று சொல்லித் தொலைபேசியை வைக்காதே. கத்து. எண்ணைச் சொல்லும்வரை விடமாட்டேன் என்று நில். பதினொரு வயதில் உன் வாயை நான்தான் அடைத்தேன், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உனக்கு இப்போது முப்பத்தேழு. உன் மகள் என்றாவது நோட்டைக் காட்டி உன் விடை தப்பு என்றால், அவளுக்குப் பதில் சொல்வதற்கு முன் உட்கார்ந்து ஒரு முறை போட்டுப் பார்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்க்கிழமை, சங்கத்துக்குக் கடிதம் எழுதி என் முறையிலிருந்து விலகிக்கொண்டேன். இனி நான் எந்த நாளும் வீட்டில் இருப்பேன். நிரலிலிருந்து பதினைந்தை எடுத்துவிட்டேன். எண் பெரிதாகும், அந்த இரண்டு பெண்களும் இல்லாமல் நான் தனியே நிற்கும் நாள் தள்ளிப்போகும் என்று நினைத்தேன். ஓட்டிப் பார்த்தேன். முப்பது. எதையோ தவறாக அழித்துவிட்டேனோ என்று மறுபடி ஓட்டினேன். முப்பது. ஆறும் பத்துமே முப்பதுதான். பட்டியலில் நான் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த நாள் மாறவில்லை. ஜூலை 31க்குப் பின் வந்த இரண்டாவது அதிர்ச்சி இது. அன்று பதறியது போலப் பதறவில்லை, ஆனால் இன்னும் இறங்கவில்லை. எழுபத்து நான்கு வயதில் உன் அம்மாவை ஒருவனாகத் தூக்கி உட்காரவைக்க என்னால் முடியாது. முயன்று பார்த்துவிட்டேன். முடியவில்லை.

அந்த நாள் ஆகஸ்ட் 30, சனிக்கிழமை. ஆகவே பின்வருமாறு எழுதுகிறேன். மூவரில் ஒருவராவது எப்போதும் இருப்போம் என்று ஜூலை 6 அன்று நான் உனக்குக் கொடுத்த உறுதியை, பிழையான கணக்கின் பேரில் கொடுக்கப்பட்டது என்பதால், இன்று முழு மனத்தோடு ரத்து செய்கிறேன். 30ஆம் தேதிக்குள் நீ வந்துவிடு. உன் அம்மாவை அழைத்துப் போவதா, இங்கே வேறு ஏற்பாடு செய்வதா என்பதை நீயும் அவளும் முடிவு செய்யுங்கள். அவளுடைய மருந்துச் சீட்டுகளைத் தேதிவாரியாக அடுக்கி, உடுப்புகளை மடித்து, பச்சைப் பெட்டியில் வைத்திருக்கிறேன். என்னையும் அழைக்க வேண்டும் என்று நான் கேட்கமாட்டேன். அழைத்தால் மறுக்கவும் மாட்டேன்.

சாட்சிகளாக அஞ்சலையும் செல்வியும் கையெழுத்திட்டிருக்கிறார்கள். செல்வி படித்துக் காட்ட, அஞ்சலை, "பெரியவரு நான் ஓடினத மட்டும் நல்லா எழுதிட்டாரு, சாம்பாரு தீஞ்சத எழுதல" என்றாள். இதோ, எழுதிவிட்டேன். மூன்றாவது சாட்சியாக உன் அம்மாவின் இடது பெருவிரல் ரேகை. நான் மையைத் தடவி விரலைப் பிடித்தபோது அவள் வைக்க மறுத்துக் கையை இழுத்துக்கொண்டாள். என்ன வேண்டும் என்று கேட்டேன்.

"எத்தினி?" என்றாள்.

"முப்பது" என்றேன்.

பிறகுதான் விரலை நீட்டினாள்.